எரிந்த காடும் வரைந்த படமும்

(நமது சங்கத்தின் கோடைக்காலக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தமிழ்ச் சங்கக் கூட்டம் என்றதும் குறளையோ சிலம்பையோ கேட்க வந்த அன்பர்களுக்கு இன்றைய பொருள் சற்றே வறட்சியாகத் தோன்றக்கூடும். காட்டுத்தீயால் எரிந்த நிலத்தை, பொதுமக்களே கூடி வரையும் கணினி வரைபடத்தில் எங்ஙனம் குறிப்பது என்பதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்திருக்கிறார்கள். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பதிவேடுகளோடு காலங்கழிக்கும் நமக்கு இதில் என்ன தகுதி என்று ஒருவர் கேட்டால், அந்தப் பதிவேடுகளே தகுதி என்றுதான் விடை கூற வேண்டும். எதை எந்த ஏட்டில் எழுதுவது, எதை எந்த ஏட்டில் எழுதலாகாது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு துயர நிகழ்ச்சியை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் தீயினிடையே அகப்பட்டுக்கொண்டனர். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள், பெரும்பாலும் இளைஞர்கள், பெண்களும் பலர். ஆளுயரம் வளர்ந்து கோடை வெயிலில் காய்ந்து நின்ற புல், செங்குத்தான சரிவு. சரிவில் தீ மேலேறும் வேகத்திற்கு மனிதன் ஓடும் வேகம் ஈடாகாது. வழி தெரியாமல் சிதறி ஓடியவர்களுள் சிலர் பள்ளத்தில் வீழ்ந்தனர். முதலில் ஓடிச்சென்று உதவியவர்கள் அம்மலையைச் சார்ந்து வாழும் எளிய மக்களே. பின்னர் வனத்துறையினரும் தீயணைப்புப் படையினரும் வந்தனர். விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன. மலையிலும், பிறகு மருத்துவமனைகளிலுமாக 23 உயிர்கள் மாய்ந்தன.

போடி என்றால் பலருக்கு ஏலக்காய் நினைவிற்கு வரும். நமக்கு அந்த ஊரின் இருப்புப்பாதையும் சேர்ந்தே நினைவிற்கு வரும். 2010 டிசம்பர் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக அங்கே வண்டி நின்றது. மீண்டும் ஓடியது 2023 ஜூனில். தீப்பிடித்த ஆண்டில் போடிக்கு வண்டியே இல்லை. இதற்கும் தீக்கும் தொடர்பில்லை என்பதை அறிவோம், தொழிற்பழக்கத்தால் சொல்லிவிட்டோம்.

அந்நாளில் நல்ல படம் ஒன்று அவர்கள் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று துணிந்து கூற எவராலும் இயலாது. ஆனால் காட்டில் தீ எழும்போது, அகப்பட்டவனுக்கும் மீட்கச் செல்பவனுக்கும் வேண்டுவன சிலவே. ஒற்றையடிப் பாதை எங்கே பிரிகிறது? ஓடை எங்கே இருக்கிறது? புல் இல்லாத பாறைப் பரப்பு எங்கே? ஜீப்பு எதுவரை ஏறும்? இவற்றை அறிந்தவர்கள் அம்மலைவாசிகள். அவர்கள் அறிவு அவர்கள் காலில் இருக்கிறது; தாளில் இல்லை. இந்தத் தாள் யாரால் எழுதப்பெறும் என்பதுதான் கேள்வி.

நிற்க. படம் என்பது இதுவரை அரசர்க்கும் அரசாங்கத்திற்கும் உரியதாகவே இருந்து வந்தது. நாம் குடியிருக்கும் இந்தத் திருவிதாங்கூர் மண்ணை 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இரு ஆங்கிலேய இராணுவ அதிகாரிகள் அளந்து எழுதினார்கள். அதற்கும் முன்பு, 1802-இல், சென்னைப் பரங்கிமலையருகே லாம்டன் என்பவர் சங்கிலி பிடித்து அளந்த அடிக்கோட்டிலிருந்தே இந்தியப் பெரு நில அளவை தொடங்கிற்று. அவர்கள் பட்ட பாடு சிறிதன்று. ஆயினும் அப்படங்களை வரைந்தவரும் பயன்படுத்தியவரும் ஆள்வோரே. மலையில் வாழ்ந்தவன் அதில் வழிகாட்டியாகவும் சுமைகூலியாகவும் மட்டுமே இடம்பெற்றான்.

2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்னும் இளைஞர் இதை மாற்றத் துணிந்தார். அந்நாட்டு அரசின் நில அளவைத் துறை வரைந்த படத்தை மக்கள் விலை கொடுத்தும் நிபந்தனைக்கு உட்பட்டுமே பயன்படுத்த வேண்டியிருந்தது. 'நாமே நடந்து, நாமே வரைந்து, எல்லார்க்கும் பொதுவில் வைப்போம்' என்ற எண்ணத்தில் தொடங்கியதே ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் ஊதியமின்றி அதில் எழுதுகின்றனர். 2010 ஜனவரி 12-இல் ஹைத்தி நாட்டைப் பூகம்பம் தாக்கியபோது, தலைநகரின் தெருக்களுக்குச் சரியான படம் இல்லை. பல நாடுகளில் வீட்டிலிருந்தபடியே தொண்டர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சில வாரங்களில் தெருத் தெருவாக வரைந்து கொடுத்தார்கள். மீட்புப் பணியாளர் அதைக் கொண்டு வழி கண்டார்கள். நம் கேரளத்தில் 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போதும் இளைஞர்கள் இவ்வாறு உழைத்தார்கள். அடுத்த ஆண்டிலேயே 'மேப்பத்தோன் கேரளம்' என்ற பெயரில் மாநில அரசே இப்பொதுப் படத்தில் மாநிலத்தை வரையும் முயற்சியைத் தொடங்கிற்று. 2021 பிப்ரவரி 15-இல் மத்திய அரசும் வரைபடம் ஆக்குவோர்க்கிருந்த முன்அனுமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது.

இப்படத்தின் இலக்கணம் எளியது. புள்ளி, கோடு, பரப்பு என்னும் மூன்றே வடிவங்கள். கிணறு புள்ளி, பாதை கோடு, காடு பரப்பு. ஒவ்வொன்றின் மேலும் அது இன்னதென்று ஒரு குறிச்சொல் எழுதப்பெறும். மரக்காடு, புதர்நிலம், புல்வெளி, வெறுநிலம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறிச்சொல் உண்டு. யார், எந்த நாளில், எதை மாற்றினார் என்பது முழுவதும் ஏட்டில் நிற்கும். அழித்தாலும் அழித்த வரலாறு அழியாது. நம் அலுவலகங்களில் இந்த ஒரு விதி மட்டும் இருந்தால் எத்தனையோ சச்சரவுகள் தீர்ந்திருக்கும்! இவற்றிற்கெல்லாம் மேலான விதி ஒன்று: களத்தில் உள்ளதை எழுது, இல்லாததை எழுதாதே, பிறர் உரிமையுள்ள படத்தைப் பார்த்துக் காப்பி அடிக்காதே.

இனி எரிந்த நிலத்திற்கு வருவோம்.

தீயை வானிலிருந்து காண்பதற்கு வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் பொருத்தப்பட்ட மோடிஸ் என்னும் கருவியின் துணையால், டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் மாநிலங்களுக்குத் தீயெச்சரிக்கை அனுப்பத் தொடங்கிற்று. இக்கருவி வெப்பத்தைக் காண்கிறது. ஆனால் அது காணும் கட்டம் ஒரு கிலோமீட்டர் சதுரம். பின்வந்த வியர்ஸ் என்னும் கருவிக்கு அது 375 மீட்டர். ஆதலின் படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி கண்டால், 'இந்தக் கட்டத்திற்குள் எங்கோ நெருப்பு இருக்கிறது' என்பதே பொருள். அந்தப் புள்ளியில்தான் நெருப்பு என்பதன்று. செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலே வரும் நேரத்திற்கு இடையில் பற்றி அணைந்த சிறு தீ அதன் கண்ணில் படாமலும் போகலாம்.

எரிந்து முடிந்த பரப்பை அளக்க வேறொரு வழி. பச்சை இலை, நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியின் ஒரு பகுதியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். கரிந்த மண்ணோ அதைக் குறைவாக அனுப்பி, வேறொரு பகுதியை மிகுதியாக அனுப்பும். தீக்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் ஒப்பிட்டு, இந்த மாறுதல் கண்ட இடமெல்லாம் எரிந்த இடம் என்று கணக்கிடுகின்றனர். ஐரோப்பியரின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் நுட்பம் வரை நிலத்தைக் காட்டவல்லவை. 2019 பிப்ரவரியில் கர்நாடகத்துப் பந்திப்பூர்க் காடு எரிந்தபோது, ஹைதராபாதிலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் இத்தகைய படங்களைக் கொண்டே, எரிந்தது ஏறத்தாழ 4,400 எக்டேர் என மதிப்பிட்டது. நாட்டின் காடுகளில் 36 விழுக்காட்டிற்கும் மேல் அடிக்கடி தீப்பிடிக்கத்தக்கவை என்று வன அளவை நிறுவனத்தின் 2019 அறிக்கை கூறுகிறது.

இத்தனை ஏற்பாடுகள் இருக்க, பொதுமக்கள் வரையும் படத்தில் எரிந்த நிலத்தை எவ்வாறு குறிப்பது? இந்த வினா நம் காலனியிலேயே எழுந்ததுண்டு. பொதுப் படத்தில் ஆர்வத்தோடு வரைந்துவரும் இளைஞர் இருவர். ஒரு கோடையில் பொன்முடிச் சரிவு ஒன்றில் புல் எரிந்து கறுத்திருந்ததைப் புதிய செயற்கைக்கோள் படத்தில் கண்ட ஒருவர், அங்கிருந்த 'புல்வெளி' என்னும் குறியை நீக்கிவிட்டு 'வெறுநிலம்' என்று எழுதிவிட்டார். மற்றவர் மறுநாளே அதை மாற்றிப் பழையபடி ஆக்கினார். முதலாமவர் மீண்டும் மாற்றினார். பிறகு இருவரும் சங்க நூலகத்திற்கு வந்து, செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர்களின் அமைதியைக் கெடுத்தார்கள்.

முதலாமவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. 'களத்தில் உள்ளதை எழுது என்பதுதானே விதி? இன்று களத்தில் இருப்பது கரி. நேற்றிருந்த புல்லை நான் ஏன் எழுத வேண்டும்?' என்பது அவர் வாதம். மற்றவர் சொன்ன விடை நம் உள்ளத்தைக் கவர்ந்தது. 'அறுவடை முடிந்த வயலைப் பார்த்து இங்கே வயல் இல்லை என்று எழுதுவோமா?' என்றார் அவர். தஞ்சையிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பத்துப் பிள்ளை; அவருக்கு அந்த உவமை வந்ததில் வியப்பில்லை.

இங்கேதான் நம் தொழில் துணைக்கு வருகிறது. ரயில்வேயில் இரண்டு வகை ஏடுகள் உண்டு. ஒரு பாலத்தருகே எந்நாளும் வேகங்குறைத்தே செல்ல வேண்டுமெனில், அது வொர்க்கிங் டைம் டேபிள் என்னும் நிலையான ஏட்டில் அச்சாகியிருக்கும். நேற்றைய மழையில் மண் சரிந்ததால் சில நாள்களுக்கு மட்டும் வேகங்குறைக்க வேண்டுமெனில், அதற்குக் காஷன் ஆர்டர் என்று ஒரு சீட்டு. வண்டி புறப்படுமுன் ஓட்டுநர் கையில் கொடுக்கப்பெறும். சரிவைச் சீர்செய்ததும் அச்சீட்டின் காலம் முடிந்துவிடும். காஷன் ஆர்டரில் எழுத வேண்டியதை எவனாவது டைம் டேபிளில் அச்சிட்டால், பழுது பார்த்த பின்பும் வண்டிகள் ஆண்டுக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். டைம் டேபிளில் இருக்க வேண்டியதைச் சீட்டில் மட்டும் எழுதினால், ஒருநாள் சீட்டுத் தவறும், உயிர் போகும்.

காட்டில் எரிகின்ற தீ காஷன் ஆர்டர் போன்றது. அதற்குரிய ஏடு வன அளவை நிறுவனத்தின் எச்சரிக்கைப் பக்கம். பொதுப் படமோ டைம் டேபிள் போன்றது. பல ஆண்டுகள் நிற்பதையே அதில் எழுத வேண்டும். இன்று ஒருவர் தம் கைப்பேசியில் இறக்கிக்கொண்ட படத்தை அடுத்த ஆண்டுவரை புதுப்பிக்காமல் வைத்திருக்கலாம். ஜனவரியில் அணைந்த தீயை டிசம்பரில் பார்த்து அவர் அஞ்சித் திரும்பினால் அது யார் குற்றம்?

ஆனால் இந்த உவமையோடு வேலை முடிந்துவிடுவதில்லை. தீயால் நிலமே மாறிப்போவதும் உண்டு. நம் மேற்கு மலைகளில் பெரும்பாலும் எழுவது தரைத்தீ. உதிர்ந்த சருகும் காய்ந்த புல்லும் எரியும்; இலையுதிர்காட்டின் பெருமரங்கள் அடிப்பட்டை கருகியும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். புல்லின் வேர் மண்ணுக்குள் உயிரோடிருக்கும். இடவப்பாதி மழை இறங்கியதும் கரிய சரிவு மீண்டும் பச்சையாகிவிடும். கறுப்பைப் பார்த்து 'வெறுநிலம்' என்று மார்ச்சில் எழுதியவர், ஜூலையில் வந்து பார்த்தால் தம் எழுத்தை அங்கே காணமாட்டார். சோலைக்காடோ அப்படியன்று. மலை மடிப்புகளில் ஈரத்தை நம்பி நிற்கும் அப்பசுமைத் திட்டுகளின் ஓரத்தைத் தீ தின்றால், இளங்கன்றுகள் மடிந்துவிடும். அடுத்தடுத்த கோடைகளில் மீண்டும் தின்றால் சோலை சுருங்கி, அவ்விடத்தைப் புல் பிடித்துக்கொள்ளும். அப்பொழுது சோலையின் எல்லைக் கோட்டை உள்ளே தள்ளி வரைவதே நேர்மை. எரிந்த ஆண்டிலேயே அவசரப்பட்டு வரையாமல், ஒரு மழைக்காலமேனும் கழித்து, கூடுமானால் நேரில் பார்த்து, வரைய வேண்டும்.

இயற்கைக்காட்டையும் தோட்டக்காட்டையும் பிரித்து எழுதுவதும் இதனோடு சேர்ந்ததே. 2020 பிப்ரவரியில் திருச்சூர் மாவட்டம் தேசமங்கலத்தையடுத்த கொற்றம்பத்தூரில் தீயணைக்கச் சென்ற வனக்காவற் பணியாளர் மூவர் உயிரிழந்தனர். அங்கே எரிந்தது ஆலைத் தேவைக்காக வளர்த்த அக்கேசியாத் தோட்டம். ஒரே சாதி மரங்களை வரிசையாக நட்ட இடத்தில் காய்ந்த சருகு அடர்ந்து கிடக்கும்; மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பச்சையாகத்தான் தெரியும். தீயணைக்கப் போகிறவனுக்கு இந்த வேறுபாடு உயிர்ச்செய்தி.

வீடுகள் எரிந்தால் நிலைமை வேறு. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பகுதிகளில் எழுந்த இரு பெருந்தீகளில் 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அழிந்த வீட்டைப் படத்திலிருந்து வெறுமனே நீக்கிவிட்டால் என்ன நேரும்? வேறொரு நாட்டில் அமர்ந்திருக்கும் தொண்டர் ஒருவர், தீக்கு முந்திய பழைய செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, 'அடடா, இங்கே ஒரு வீடு விடுபட்டுவிட்டதே' என்று மீண்டும் வரைந்துவைப்பார். ஆதலின் கட்டடத்தின் குறிச்சொல்லுக்கு முன்னே 'அழிந்தது' என்னும் அடையைச் சேர்த்து எழுதும் வழக்கம் இப்படத்தில் உண்டு. நமக்கு இது புதிதன்று. 1904-இல் திறக்கப்பெற்ற கொல்லம்–செங்கோட்டைப் பாதையை இந்தச் சபையில் அறியாதார் இலர். புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே 2010-இல் மீட்டர்கேஜ் வண்டி நின்றது. 2018-இல் அகலப்பாதையில் மீண்டும் ஓடிற்று. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் படத்தைப் பார்த்த ஒருவருக்கு 'இங்கே பாதையே இல்லை' என்று சொல்வதும் பொய். 'வண்டி ஓடுகிறது' என்று சொல்வதும் பொய். 'பணி நடக்கிறது' என்பதே மெய்.

'வெறுநிலம்' என்னும் சொல்லைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். நமக்கு அச்சொல்லின் மேல் ஒரு கோபம் உண்டு. வெள்ளையர் காலத்து நிலக்கணக்கில், உழாத நிலமும் மரமில்லாத மலைப்புல்வெளியும் 'தரிசு' என்ற ஒரே தலைப்பின் கீழ்த் தள்ளப்பட்டன. தரிசு என்று எழுதியபின், அதைப் பயன்படுத்துவது கடமையாகத் தோன்றிவிடுகிறது அல்லவா? நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மூணாற்றிலும் பழம்பெரும் புல்வெளிகள் பல தேயிலைக்கும் சீகை மரத்திற்கும் யூக்கலிப்டசுக்கும் போனது இவ்வாறே. வரையாடு மேய்ந்த இடம் கணக்குப்பிள்ளையின் ஏட்டில் பயனற்ற இடமாக ஆயிற்று. பொதுப் படத்திற்குச் சட்ட வலிமை இல்லை என்பது மெய்தான். ஆயினும் பள்ளி மாணவர்களும் பத்திரிகைக்காரர்களும் அதையே பார்க்கிறார்கள். எரிந்த ஒரு கோடையை வைத்து ஒரு மலையைத் தரிசு என்று எழுதும் உரிமை, நாற்காலியில் அமர்ந்து எலியை உருட்டுகிற எவருக்கும் கிடையாது.

அவ்வாறாயின் தொண்டர்கள் செய்ய வேண்டியது என்ன? தீக்கு முன்னே வரைய வேண்டும் என்பதே நம் விடை. கேரளத்தில் ஜனவரி பிறந்தாலே காடு காயத் தொடங்கும். அதற்கு முந்திய மழை மாதங்களே படம் வரைவோர்க்குரிய பருவம். காட்டுச் சாலையில் எது ஜீப்பு போகத்தக்கது, எது கால்நடைக்கு மட்டும் உரியது, எந்த ஓடை ஏப்ரலிலும் வற்றாது, காவற்கோபுரம் எங்கே, ஹெலிகாப்டர் இறங்கத்தக்க திறந்தவெளி எங்கே என்பன எழுதப்பெற வேண்டும். தீத்தடுப்புக் கோடுகளும் எழுதப்பெற வேண்டும். தீ தாண்டாதிருக்கக் காட்டினூடே புல்லும் சருகும் நீக்கி வனத்துறையினர் ஆண்டுதோறும் துப்புரவு செய்யும் நீண்ட பட்டைகள் அவை. வானிலிருந்து பார்த்தால் அவை அப்படியே மண்சாலை போலத் தோன்றும்! அவற்றைச் சாலை என்று வரைந்துவிட்டால், அதை நம்பி வண்டியைச் செலுத்துகிறவன் செங்குத்தான பாறையின் முன்னே போய் நிற்பான். தீத்தடுப்புக் கோட்டிற்கென்றே தனிக் குறிச்சொல் இப்படத்தில் இருக்கிறது. தயவுசெய்து அதைப் பயன்படுத்துங்கள்.

இப்பாதைகளைப் படத்தில் இடுவது ஆபத்தன்றோ என்று தாய்மார் ஒருவர் முன்னொரு கூட்டத்தில் கேட்டார்கள். மிக நல்ல கேள்வி. பாதை படத்தில் இருப்பதாலேயே அனுமதியின்றி இளைஞர்கள் காட்டுக்குள் புகுந்துவிட மாட்டார்களா? புகக்கூடும். குரங்கணிக்குப் பின் 2018-இலேயே தமிழ்நாடு அரசு மலையேற்றத்திற்கென விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் நாற்பது வழிகளைக் குறித்து, வழிகாட்டியோடு செல்லும் முறையைத் தொடங்கிற்று. இங்கே அகத்தியகூடம் ஏறுவதற்கும் வனத்துறையின் அனுமதி வேண்டும். எனினும் மறைத்துவைத்த பாதை மீட்க வருபவனுக்கும் மறைந்தே போகிறது. ஆதலின் பாதையை வரைந்து, 'அனுமதியின்றிச் செல்லலாகாது' என்பதையும் அதன் மேலேயே குறிச்சொல்லாக எழுதிவிடுவதே சரி என்பது நம் கருத்து. இணையத் தொடர்பே எட்டாத காட்டிலும், முன்னரே இறக்கிவைத்த படத்தைக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. அவை இக்குறியையும் காட்டும். ஒன்றை மட்டும் வரையலாகாது. காணிக்காரர் முதலிய மலைமக்கள் புனிதமாகப் போற்றும் இடங்களை அவர்கள் இசைவின்றி எழுதுவது வழிப்போக்கன் வீட்டுப் பூசையறைக்குள் எட்டிப்பார்ப்பதைப் போன்றது.

இனிப் பெயர்கள். இதில்தான் நம் சங்கத்தாரின் உதவி பெரிதும் வேண்டியிருக்கிறது. விபத்து நேர்ந்த இடத்திலிருந்து ஒருவன் தொலைபேசியில் அலறும்போது, அட்சரேகை தீர்க்கரேகையைச் சொல்வதில்லை. ஊர்ப்பெயரைச் சொல்கிறான், பாறைப்பெயரைச் சொல்கிறான். அந்தப் பெயர் படத்தில் இல்லையெனில் கேட்பவனுக்குத் திசை தெரியாது. அகத்தியகூடத்தின் மேற்குச் சரிவு நெய்யாற்றின் பக்கம். கிழக்குச் சரிவு தாமிரபரணியின் பக்கம். ஒரே மலைக்கு இந்தப் பக்கம் மலையாளத்தில் ஒரு பெயர், அந்தப் பக்கம் தமிழில் ஒரு பெயர். தீ மாநில எல்லையைக் கேட்டுப் பற்றுவதில்லை. பொதுப் படத்திலோ ஓர் இடத்திற்குப் பல மொழிப் பெயர்களையும் எழுத இடமுண்டு; தமிழ்ப் பெயருக்கென்று தனிக்கட்டமே இருக்கிறது. மலைகளுக்குள் போகப் போக அக்கட்டங்கள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கின்றன.

நம் காலனியில் அம்பாசமுத்திரம், பாபநாசம், செங்கோட்டை, களக்காடு, பூதப்பாண்டி ஆகிய ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் பல உள்ளன. விறகுக்கும் தேனுக்கும் கோவிலுக்கும் அம்மலைகளில் ஏறி இறங்கியவர்களின் மக்களும் பேரர்களும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். பாட்டிமார் சொன்ன ஓடைப்பெயர், மொட்டைப்பாறையின் பெயர், இளைப்பாறும் மரத்தடியின் பெயர் எதுவாயினும் சொல்லுங்கள். ஒரே இடத்திற்கு இருவர் இரு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதிக்கொள்வோம், சண்டை வேண்டா. நூலகத்தில் ஞாயிறு மாலை ஐந்து மணி முதல் ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு இளைஞர்களும் காத்திருப்பார்கள். முன்பு பொன்முடிப் புல்வெளிக்காகப் பூசலிட்டவர்களே அவ்விருவரும். அச்சரிவை மழைக்குப் பிறகு நேரில் போய்ப் பார்த்துவந்தார்கள்; படத்தில் அது புல்வெளி என்றே இருக்கிறது. அதன் கீழ்ப்புறத்து ஓடைக்கு மட்டும் இன்னும் பெயர் கிடைக்கவில்லை. அறிந்தவர்கள் எவரேனும் இச்சபையில் இருந்தால், கூட்டம் கலையுமுன் சொல்லிவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.